ஆறு நாள் படத்தில் நான்கு விநாடி

முப்பத்தோரு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஊரார் எடுத்த படங்களையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தவள் கத்திரியக்கா. "எத்தனை படம் பாத்திருப்பீங்க!" என்று யாராவது வாயைப் பிளந்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பாக்கறவன் டிக்கெட் வாங்கினவன். நான் தொட்டவ. தொட்டதுக்குத்தான் சம்பளம்" என்பாள். மூக்கு சிவந்துவிடும். அப்புறம் அவளே சிரித்துவிடுவாள். கோபத்தை அரை நிமிஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி.

வேலை இதுதான். தியேட்டர்களில் ஓடி முடிந்த படங்கள் தகரப் பெட்டிகளில் விநியோகஸ்தர் ஆபீசுக்குத் திரும்பி வரும். ஒவ்வொரு ரீலையும் சுற்றுமேசையில் மாட்டி, இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவே பிலிமை ஓடவிட்டு, வலது கையால் கைப்பிடியைச் சுற்றவேண்டும். ஓரத் துளை கிழிந்திருந்தால் விரலில் குத்தும். நிறுத்தி, கெட்ட துண்டை வெட்டி எறிந்து, இரண்டு முனையையும் சுரண்டி, பசை தடவி ஒட்டவேண்டும். கடைசியில் சோதனை அட்டையில் ரீல் ரீலாக எழுதி, கையெழுத்துப் போட்டு, மூடியின் உள்பக்கம் செருகவேண்டும். எது குறை, எத்தனை ஒட்டு, எவ்வளவு அடி போயிற்று, எல்லாம் அதில் இருக்கும். கத்திரியக்காவின் அட்டை என்றால் தியேட்டர்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அவள் 'சரி' என்று எழுதினால் அது சரி.

அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரே ஒரு பொய்தான் எழுதினாள்.

அவள் புருஷன் ஸ்டுடியோவில் செட் போடுகிற தச்சர். ஒரு படத்துக்காக மரத்திலும் அட்டையிலும் ஒரு முழுத் தெருவைக் கட்டினார். டைரக்டர் அதற்கு முன்னாலும் படம் எடுத்ததில்லை, பின்னாலும் எடுத்ததில்லை. கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருவன் வீட்டைவிட்டுப் போகிறான், கடைசியில் திரும்பி வருகிறான், கதவு திறக்கவில்லை. ஒரு நாள் மதியம், தெருமுனையில் அவன் திரும்பிப் பார்க்கும்போது ஒரு வாசலில் ஒரு குழந்தை நிற்கவேண்டும் என்று டைரக்டருக்குத் தோன்றிவிட்டது. புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கத்திரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயது மூத்தவள் நின்றிருந்தாள். பட்டாணி என்று கூப்பிடுவார்கள். உருண்டு ஓடுவாள், ஒரு இடத்தில் நிற்கமாட்டாள்.

"இந்தப் பாப்பாவ நிறுத்துங்க" என்றார் டைரக்டர்.

கத்திரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டாள், முடியை இழுத்துக் கட்டினாள். "ஒழுங்கா நில்லுடி. அசைஞ்சேன்னா தொலைச்சிடுவேன்" என்று மிரட்டிவிட்டு காமிராவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். நான்கு தடவை எடுத்தார்கள். முடிந்ததும் பட்டாணி ஓடிவந்து, "அம்மா, சரியா செஞ்சேனா?" என்றாள். "ம், ம், நட. நேரமாச்சு" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆபீசில் பெட்டிகள் காத்திருந்தன.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. அன்றைக்குத்தான் பட்டாணியை மூளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படத்தைப் பார்க்க யாருக்கு நேரம்? தியேட்டர்கள் ஈ ஓட்டின. புதன்கிழமையோடு படத்தைத் தூக்கிவிட்டார்கள். பட்டாணி செவ்வாய்க்கிழமையே போய்விட்டாள்.

பதினேழு நாள் கழித்துக் கத்திரியக்கா வேலைக்குப் போனாள். மேனேஜர் நல்ல மனுஷர்தான், யோசிக்காத மனுஷர். மேசைமேல் அந்தப் படத்தின் எட்டுப் பிரிண்டையும் அடுக்கி வைத்திருந்தார். ஏழாவது ரீலில், தெருமுனைக்கு அப்புறம், பட்டாணி வருகிற தொண்ணூற்றாறு கட்டங்கள். நான்கு விநாடி. எட்டுத் தடவை அவள் விரல்களுக்கு நடுவே பெண் ஓடினாள். இருந்த எட்டில் ஐந்தாம் நம்பர்தான் படுமோசம். மெஷினில் மாட்டிக் கிழிந்து, கீறல் விழுந்து, திரை முழுக்க மழை பெய்கிற பிரிண்ட். எப்படியும் குப்பைக்குப் போகிற உருப்படி என்று கணக்குப் போட்டாள். நல்லதைத் தொட அவள் கைக்கு மனசு வராது. ஐந்தாம் நம்பரிலிருந்து அந்தத் தொண்ணூற்றாறு கட்டத்தையும் வெட்டி எடுத்து, முனைகளை ஒட்டிவிட்டு, அட்டையில் எழுதினாள்: 'ரீல் 7: குறை இல்லை.'

கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்தாள். ஆனால் விதி அவளைவிடக் கெட்டிக்காரி. ஓடாத படத்தின் பிரிண்டைக் கழுவி வெற்றுப் பிலிமாக விற்பது அந்தக் காலத்து வழக்கம். கழுவுகிறவன் கீறல் விழாத பிலிமைத்தான் எடுப்பான். நல்ல ஏழும் ஒரே வாரத்தில் கழுவப்போயின. ஐந்தாம் நம்பரை மட்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டான். அது ஏதோ ஒரு கொட்டகைக்கு இரவல் போய் அங்கேயே தங்கிவிட்டது. லேப்பில் வெள்ளம் புகுந்தபோது நெகட்டிவும் போயிற்று. ஆக, உலகத்தில் அந்தப் படம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதில் அவள் பெண் இல்லை.

இது கத்திரியக்காவுக்குத் தெரியவே தெரியாது; மேசையைவிட்டுப் போன பெட்டி எங்கே போயிற்று என்று அவள் கேட்டதில்லை. துண்டைச் சுருட்டி ஒரு முகப்பவுடர் டப்பாவில் வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறையாவது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒவ்வொரு கட்டத்திலும் தபால்தலை அளவுக்குப் பட்டாணி நின்றுகொண்டிருப்பாள், ஒரு காலில் செருப்பு, ஒரு கையில் செருப்பு. திரையில் அவள் நடமாடிக் கத்திரியக்கா ஒருநாளும் பார்த்ததில்லை. மீதி ஏழு பிரிண்டும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும், அதில் பெண் ஆடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் மனசைத் தேற்றிக்கொண்டாள். பட்டாணி போனபிறகு பிறந்த சின்னவள் வளர்ந்து, பல் டாக்டரிடம் வேலைக்குப் போய், கல்யாணமாகி, இரண்டு பெற்று, அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். தச்சர் காலமாகி ஒன்பது வருஷம்.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் வந்து சேர்ந்தார்.

அறுபது வயசு, வழுக்கை, சட்டைப்பையில் நான்கு பேனா. முன்பக்கம் மருந்துக்கடை, பின்பக்கம் அறை முழுக்கப் படப்பெட்டி. அவர் பெண்டாட்டி எதற்கும் அசராதவள், அந்த அறைக்குள் மட்டும் காலெடுத்து வைக்கமாட்டாள். இவரோடு சேர்த்து, இவரை மாதிரிப் பதினோரு பேர் இருந்தார்கள். ஒரு வக்கீல், ஒரு அச்சகக்காரர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், இப்படி. நூறு நாள் ஓடிய படம் இவர்களுக்குப் பிடிக்காது. அதைத்தான் எல்லாரும் பார்த்துவிட்டார்களே! யாரும் பார்க்காத படம், பேர்கூடத் தெரியாத படம், அதற்குத்தான் உயிரை விடுவார்கள். தச்சர் தெரு கட்டிய அந்தப் படத்துக்கு 'ஆறு நாள் படம்' என்றே பேர் வைத்திருந்தார்கள். அச்சகக்காரரிடம் அதன் நோட்டீஸ் ஒன்று இருந்தது. வக்கீல் கிழிந்த டிக்கெட் பாதியைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். இருபது வருஷம் தேடி, மூடிக்கிடந்த ஒரு தியேட்டரின் மாடிப்படிக்குக் கீழே ஐந்தாம் நம்பர் பெட்டியைக் கண்டுபிடித்தவர் மருந்துக்கடைக்காரர்.

"உங்களத் தேடித்தாம்மா அலைஞ்சேன்" என்றார். பழைய அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். "இது நீங்க போட்ட கையெழுத்துதானே?"

"என்னோடதுதான். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? நீங்கதாம்மா சாட்சி!"

அவர் சொல்லச் சொல்லத்தான் விஷயம் விளங்கியது. வருகிற திங்கட்கிழமை அந்தப் பிரிண்டை லேப்பில் கொடுத்து, என்றைக்கும் அழியாதபடி காப்பி எடுக்கப்போகிறார்கள். ஏழாவது ரீலில் நாயகன் தெருமுனையில் திரும்பிப் பார்க்கிறான். அவ்வளவுதான். அடுத்த கணமே தேம்பித் தேம்பி அழுகிறான். எதைப் பார்த்தான், எதற்கு அழுகிறான் என்று படம் சொல்லவே இல்லை. அந்தத் தாவலைப் பார்த்துப் பதினோரு பேரும் மூக்கில் விரல் வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் யாருக்கு இந்தத் துணிச்சல் இருந்தது, இந்த டைரக்டர் ஒரு மேதை என்று மருந்துக்கடைக்காரர் பதினாலு பக்கம் கட்டுரை எழுதிவிட்டார். பிரிண்ட் சிதைந்ததால் வந்த தாவலாக இருக்கலாமே என்று ஒருவன் கேட்டபோது, அட்டையைத் தூக்கி அவன் முகத்தில் காட்டினாராம். கத்திரியக்காவே எழுதியிருக்கிறாள், ரீல் ஏழில் குறை இல்லை என்று.

கத்திரியக்கா அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். "மத்த ஏழு பிரிண்டு?" என்று மட்டும் கேட்டாள்.

"எதும்மா இருக்கு? எல்லாம் போச்சு. இது ஒண்ணுதான்."

 இத்தனை வருஷமும் எங்கேயோ ஆடிக்கொண்டிருந்த பெண்ணை அந்த நிமிஷம் மறுபடி பறிகொடுத்தாள். பிறகு எழுந்துபோய் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"குறை இருக்கு சார். இதான் அது. நான்தான் வெட்டினேன்."

மருந்துக்கடைக்காரர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. துண்டைச் சுருட்டி டப்பாவிலேயே வைத்துவிட்டு, "யாரும்மா இந்தக் குழந்தை?" என்றார். சொன்னாள். அழாமல் சொன்னாள். பிறகு, "திங்கக்கிழம காப்பி எடுக்கப் போறோம்னு சொன்னீங்களே, அதுக்கு முன்னால இவள அங்க வச்சுடணும் சார். நானே ஒட்டித் தரேன்" என்றாள்.

"இந்தத் துண்ட வேணும்னா தனியா காப்பி போட்டுத் தரேம்மா. போன்லயே பாக்கலாம், எத்தனை தடவை வேணும்னாலும்."

"போன்ல பாக்கறதுக்கா கேக்கறேன்? அவ அந்தத் தெருவுல நின்னா சார். அவங்கப்பா கட்டின தெரு. அங்கேருந்து அவள நான்தான் இழுத்துட்டு வந்துட்டேன். திரும்பக் கொண்டுபோய் விடணும்."

மனுஷர் கெட்டவர் இல்லை. முடியாது என்று அடித்துச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பிரிண்ட் பதினோரு பேருக்கும் பொது என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் பார்க்க வருகிறார்கள், துண்டோடு போட்டுக் காட்டுவோம், அவர்கள் சொல்வதுதான் முடிவு என்றார். கத்திரியக்கா ஒத்துக்கொண்டாள். ஒரு தடவை பார்த்துவிட்டால் எந்தக் கல்நெஞ்சக்காரனுக்கும் வேண்டாமென்று சொல்ல மனசு வராது என்று நம்பினாள்.

சனிக்கிழமை மருந்துக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஏழாவது ரீலைச் சுற்றினாள். எழுபத்தைந்து வயசு விரல் அந்த ஒட்டைத் தானாகவே கண்டுபிடித்தது. வெட்டினாள், சுரண்டினாள், பசை வைத்தாள். ஒட்டுப் போட்டால் முனைக்கு ஒரு கட்டம் போகும். அது தொழிலின் கூலி, தவிர்க்க முடியாது. இரண்டு கட்டம் போய்த் தொண்ணூற்று நாலு ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் பதிமூன்று நாற்காலி, சுவரில் வெள்ளைத் துணி. சின்னவள் அம்மாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். "அம்மா, எனக்கு என்னமோ பயமா இருக்கு. நான் அவளவிடப் பெரியவளா ஆகி எத்தனை வருஷமாச்சு" என்றாள்.

"சும்மா இரு. அவ அக்கா. மரியாதையா பாரு" என்றாள் கத்திரியக்கா.

ஆறு ரீல் போயிற்று. திரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. ஏழாவது வந்தது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான், தெருமுனையில் நின்றான், திரும்பினான்.

பட்டாணி வந்துவிட்டாள்.

நின்றுகொண்டிருக்கவில்லை. ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த செருப்பைக் காலில் மாட்டப் பார்த்தாள், தடுமாறினாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பல் விழுந்த வாயோடு சிரித்தாள். பிறகு தலையைத் திருப்பி, பக்கவாட்டில், காமிராவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருத்தியைப் பார்த்தாள். அதைத் தபால்தலைக் கட்டங்களில் கத்திரியக்கா கண்டதே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அது தெரியவும் தெரியாது. ஓடினால்தான் தெரியும். அம்மா பார்த்தாளா, சரியாகச் செய்தேனா என்று கேட்கிற பார்வை.

"நல்லா செஞ்சடி கண்ணு" என்றாள் கத்திரியக்கா. அவ்வளவு பேருக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னாள். "ரொம்ப நல்லா செஞ்ச."

அதற்குள் அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள்.  கத்திரியக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முதலில் வாயைத் திறந்தவர் வக்கீல்தான்.

"குழந்தையப் பாத்து அழறான். சரி. அதுல என்ன இருக்கு? எல்லாப் படத்துலயும் அப்படித்தான் அழறான்."

"இருபது வருஷம் தேடினது இதுக்கா?" என்றார் அச்சகக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை, துக்கம்தான் இருந்தது. ஏமாந்துபோன மனுஷனின் குரல்.

ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும், "டைரக்டர் எடுத்தது இப்படித்தானே? அப்படியே விட்டுடுவோமே" என்றார். நாம் கண்டெடுத்தது எதுவோ அதுதான் படம் என்றார் இன்னொருவர். காரணம் தெரியாமல் அழுவதுதான் அழுகை என்றார் வேறொருவர்.

சின்னவள் எழுந்துவிட்டாள். "என்னங்க பேசறீங்க? அது எங்க அக்கா. உயிரோட இருந்த புள்ள. உங்களுக்கு அது இடைஞ்சலா இருக்கா?"

"அப்படி இல்லம்மா" என்றார் வக்கீல். நிஜமாகவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. "யாரும் அந்தக் குழந்தைய ஒண்ணும் சொல்லல. ஆனா படம்னு ஒண்ணு இருக்கில்லையா?"

துண்டு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் கை தூக்கட்டும் என்றார்கள். எட்டுக் கை எழுந்தது. மருந்துக்கடைக்காரர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கத்திரியக்கா பக்கம் திரும்பாமல், ஒன்பதாவதாக அவர் கையும் எழுந்தது.

எல்லாரும் போனபிறகு அவர் கிட்டே வந்து நின்றார். "மன்னிச்சுடுங்கம்மா. அந்தப் பதினாலு பக்கம்... என்னால முடியல." சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மறுபடி செருகினார். "காலையில லேப்புக்குக் கொண்டுபோகணும். துண்ட எடுத்து உங்ககிட்டயே குடுத்துடறேன்."

"நீங்களே எடுத்துக்குங்க. நான் ஒருதடவை வெட்டினதே போதும். இன்னொரு தடவை அந்தப் பாவத்த என் கை செய்யாது." மூக்கு சிவந்திருந்தது. இந்தத் தடவை அரை நிமிஷத்தில் இறங்கவில்லை.

"வாம்மா, போயிடலாம்" என்று சின்னவள் கையைப் பிடித்து இழுத்தாள். கத்திரியக்கா வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

மருந்துக்கடைக்காரர் ஏழாவது ரீலைச் சுற்றுமேசையில் மாட்டியிருந்தார். பெட்டி சேர்க்கத் தெரிந்த மனுஷருக்குப் பிலிம் வெட்டத் தெரியாது. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒட்டு எங்கே இருக்கிறது என்று தடுமாறித் தேடினார். மாத்திரைப் பட்டை கத்தரிக்கிற கத்திரியை எடுத்தார்.  கத்திரியைக் கொண்டுபோய் வைத்த இடம் ஒட்டும் இல்லை, இரண்டு கட்டத்துக்கு நடுவில் ஓடுகிற கோடும் இல்லை. ஒரு கட்டத்தின் நட்டநடுவில், குழந்தையின் கழுத்துக்குக் குறுக்கே வைத்தார்.

"ஐயோ, அங்க வைக்காதீங்க!"

கத்திரியக்கா எப்படி அந்த அறையைத் தாண்டி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் கையிலிருந்து கத்திரியைப் பிடுங்கினாள்.

"தள்ளுங்க. தள்ளுங்கன்னு சொல்றேன். பிள்ளைக்குப் படும்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சின்னவள் "அம்மா, வேணாம்மா" என்று அழுதாள். கத்திரியக்கா ரீலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிலிமை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெல்ல நகர்த்தி, முதல் ஒட்டைத் தொட்டாள். கோட்டின்மேல் வெட்டினாள். பெண்ணை உருவி எடுத்து, தரையில் விழாமல் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டாள். அடுத்த ஒட்டில் வெட்டினாள். முனைகளைச் சுரண்டி, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். காய்கிறவரை விரலை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கிறவனும் அழுகிறவனும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

பிறகு வழக்கம்போல ரீலை ஒரு சுற்று பின்னால் விட்டு, ஒரு சுற்று முன்னால் விட்டு, ஒட்டு விரலில் தட்டுகிறதா என்று தடவிப் பார்த்தாள். தட்டவில்லை.

"ஓடும் சார்" என்றாள். "எங்கயும் மாட்டாது."